சீன மூலிகைகளும் நீரிழிவு நோயும்

சீன தேசத்தில் நீரிழிவு நோய் பரவியுள்ள அளவைக் கேட்பவர் எவரும் திடுக்கிடாமலிரார். 1980-ம் வருஷத்தில் எடுத்த கணக்கின்படி அத்தேசத்து ஜனங்களுள் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இந்நோய் இல்லை. 2010-ம் வருஷத்தில் ஏறக்குறைய ஒரு லக்ஷம் பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, வயது வந்தோரில் நூற்றுக்கு 11.6 பேர் நோயாளிகள் என்று கண்டார்கள். இடையில் சோதனை முறையும் நோயை வரையறுக்கும் அளவும் மாறிவிட்டன என்பது மெய்யே. அதைத் தள்ளிக் கொடுத்தாலும் முப்பது வருஷத்துக்குள் நேர்ந்த இம்மாறுதல் சாமானியமானதன்று. 2021-ம் வருஷத்தில் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வெளியிட்ட கணக்கில் சீனத்து நோயாளிகளின் தொகை பதினான்கு கோடியை எட்டிவிட்டது. இதனினும் வருந்தத்தக்க சங்கதி ஒன்றுண்டு. 2010-ம் வருஷத்துச் சோதனையில் நோயாளிகள் என்று தெரியவந்த பத்துப் பேரில் மூவருக்கே, தமக்கு அந்நோய் உண்டென்பது முன்னரே தெரிந்திருந்தது. மற்ற எழுவரும் ஒன்றும் அறியாமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் இழக்கும் வழியில் நடந்துகொண்டிருந்தனர். (வெண்சர்க்கரைக்கு நாம் வழங்கும் சீனி என்ற பெயர் அத்தேசத்தின் பெயரிலிருந்து வந்ததென்பர். விதியின் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று போலும்.)

இந்நிலையில் சீன விஞ்ஞானிகள் தங்கள் முன்னோரின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பது இயல்பே. பெய்ஜிங், ஷாங்காய் முதலிய நகரங்களின் சோதனைச் சாலைகளில், பழைய வைத்திய நூல்களிற் கூறிய வேர்களும் இலைகளும் பட்டைகளும் ஒவ்வொன்றாகச் சாறெடுக்கப்பட்டு, உடம்பில் சர்க்கரையை உண்டாக்கும் நொதிகளை அடக்கும் சக்தி அவற்றுக்கு உண்டா என்று பரீட்சிக்கப்படுகின்றன. இதைப் பற்றி இரு சாரார் இரு விதமாகப் பேசக் கேட்கிறோம். பழமையானது யாவும் மெய் என்பார் ஒரு சாரார். புல்லும் பூண்டும் மருந்தாகுமோ என்று நகைப்பார் மற்றொரு சாரார். சாக்ஷியைக் கூண்டில் ஏற்றுமுன்பே தீர்ப்பெழுதும் குற்றம் இருவரிடத்தும் உண்டென்பதே எமது அபிப்பிராயம். ஆதலின் அச்சாக்ஷியத்தை நேயர்கள் முன் சற்று விரிவாக வைக்க விரும்புகிறோம்.

பழைய சீன வைத்திய நூல்களில் இந்நோய்க்கு ஷியாவ் கே என்று பெயர். உடல் தேய்ந்து தாகம் மிகுதல் என்பது அதன் பொருள். இரண்டாயிரம் வருஷத்துப் பழமை உடையதாகக் கருதப்படும் மஞ்சள் சக்கரவர்த்தியின் வைத்திய நூல், இனிப்பும் கொழுப்பும் மிகுதியாய் உண்பவரை இது பற்றும் என்று கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் ஜென் லீயென் என்னும் வைத்தியர், நோயாளியின் மூத்திரம் இனிக்கும் என்று எழுதிவைத்தார். ஐரோப்பாவில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் அதை எழுதியது 1674-ம் வருஷத்திலேதான். நம் நாட்டு ஆயுர்வேத ஆசிரியர்கள் மதுமேகம் என்று பெயரிட்டதும் இக்குறியைக் கண்டே. அதே ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் ஸிமியாவ் என்னும் புகழ்பெற்ற வைத்தியர், இந்நோயாளி மதுவையும், ஸ்திரீ சங்கமத்தையும், உப்பு மிகுந்த பதார்த்தங்களோடு கோதுமை மாப் பண்டங்களையும் விலக்கவேண்டுமென்றும், விலக்கினால் மருந்தின்றியும் தேறக்கூடுமென்றும், விலக்காதவனுக்கு எம்மருந்தும் உதவாதென்றும் கருத்துப்பட எழுதினார். இவர்கள் கண்ட குறியிலே பிழையில்லை. ஆயினும், நோயைச் சரியாகக் கண்டவர் கொடுத்த மருந்தும் சரியானதாகவே இருக்கவேண்டுமென்பது தர்க்கத்தில் நில்லாது. அன்றியும், இன்று இரத்தச் சோதனையினால் மட்டுமே வெளிப்படும் நீரிழிவுக்காரர் பலருக்குத் தாகமும் இல்லை, தேய்வும் இல்லை. பழைய ஷியாவ் கேயும் இக்காலத்து நீரிழிவும் முற்றும் ஒன்றேயென்று கொள்வதற்கில்லை.

இனி நொதி என்பது யாதென்று பார்ப்போம். நாம் உண்ணும் சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள மாச்சத்து அப்படியே இரத்தத்தில் கலப்பதில்லை. எச்சிலிலும் கணையநீரிலும் உள்ள அமிலேஸ் என்னும் நொதி முதலில் அதைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. பின்னர்ச் சிறுகுடலின் சுவரில் பதிந்துள்ள ஆல்பா குளுக்கோஸிடேஸ் என்னும் நொதிகள் அத்துண்டுகளைக் கடைசி முறையாக வெட்டிக் குளுக்கோஸ் ஆக்குகின்றன. அதுவே இரத்தத்திற் சேர்வது. இந்தக் கடைசி வெட்டைச் சற்றுத் தாமதப்படுத்தினால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை குதித்தேறாமல் மெல்ல ஏறும். மேனாட்டார் இவ்வழியிற் கண்ட மருந்து அகார்போஸ் என்பது. ஒரு வகை மண் கிருமியிலிருந்து எடுக்கப்படும் இது 1990-ம் வருஷத்தில் ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்றது. சோறும் மாவுப் பண்டங்களுமே பிரதான ஆகாரமாயுள்ள சீனத்தில் இதற்கு மற்றத் தேசங்களைவிட அதிக மதிப்பு ஏற்பட்டது. 2014-ம் வருஷத்தில் வெளியான ஒரு பெரிய சீனப் பரீட்சையில், புதிதாக நோய் கண்டவர்களுக்கு அகார்போஸும் மெட்பார்மினும் ஏறக்குறையச் சமமாகவே பயன்தந்தன. ஆனால் ஒரு தொல்லை. வெட்டப்படாத மாச்சத்து பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள கிருமிகளுக்கு இரையாகி வாயுவாக மாறுகிறது. வயிற்றுப் பொருமலும் பேதியும் தாங்கமாட்டாமல் மருந்தைக் கைவிடுவோர் பலர்.

இந்நொதியன்றி வேறு சிலவற்றையும் ஆராய்ச்சியாளர் குறிவைக்கின்றனர். இன்சுலினைச் சுரக்கும்படி தூண்டும் ஒரு குடற்சுரப்பை அழிக்கும் டி.பி.பி. 4 என்பது ஒன்று. இன்சுலின் உயிரணுவினுள் அனுப்பும் கட்டளையை அணைத்துவிடும் பி.டி.பி. 1பி என்பது மற்றொன்று. கண்மணியிலும் நரம்பிலும் குளுக்கோஸை வேறு பொருளாக்கிக் கேடு செய்வதாகக் கருதப்படும் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்பது பிறிதொன்று. எனினும் மூலிகை ஆராய்ச்சியில் முதலிடம் பெற்றிருப்பது ஆல்பா குளுக்கோஸிடேஸே. அதற்குத் தக்க காரணமுண்டு. அதன் இருப்பிடம் குடலின் உட்புறம். மூலிகையின் சத்து இரத்தத்திற் கலந்தாகவேண்டிய அவசியமில்லை. கஷாயமாகக் குடித்தாலே போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

சோதனை நடைபெறும் விதம் மிக எளிது. சிறு சிறு குழிகள் தொண்ணூற்றாறு கொண்ட ஒரு தட்டில் நொதியை இட்டு, அது வெட்டினால் மஞ்சள் நிறம் வெளிப்படும்படியான ஒரு செயற்கைச் சர்க்கரையைச் சேர்ப்பார்கள். அத்துடன் மூலிகைச் சாற்றையும் விடுவார்கள். மஞ்சள் நிறம் ஏறினால் சாற்றுக்குச் சக்தியில்லை, ஏறாவிட்டால் உண்டு. நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு தேவையோ அதை அளந்து குறித்துக்கொள்வார்கள். அந்த அளவு எவ்வளவு குறைவோ அவ்வளவு பலம் என்பது கணக்கு. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சாறுகளை இங்ஙனம் பார்த்துவிடலாம். இதன் பயனாக, அகார்போஸைவிட ஐம்பது மடங்கு பலமுள்ளது, நூறு மடங்கு பலமுள்ளது என்று மூலிகைகளைப் பற்றிய கட்டுரைகள் விஞ்ஞானப் பத்திரிகைகளில் ஓயாது வெளிவருகின்றன. அக்கட்டுரைகளிலிருந்து ஒரு வரியைப் பிய்த்தெடுத்து மருந்து வியாபாரிகள் விளம்பரம் செய்கிறார்கள்.

இங்கேதான் குறுக்கு விசாரணை தேவைப்படுகிறது. எந்த நொதியை வைத்துச் சோதித்தீர் என்பது முதற் கேள்வி. மேற்படி கட்டுரைகளிற் பெரும்பாலானவற்றுக்கு விடை, ரொட்டிக்காரன் உபயோகிக்கும் ஈஸ்ட் என்னும் பூஞ்சையின் நொதி என்பதே. அது மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஈஸ்டின் நொதியும் மனிதக் குடலின் நொதியும் பெயரில் ஒன்றாயினும் குலத்தில் வேறு; அமைப்பும் வேறு. மனிதக் குடலின் நொதியை அகார்போஸ் நன்றாக அடக்கும்; ஈஸ்டின் நொதியை அது ஏறக்குறையத் தொடுவதேயில்லை. ஆகவே ஈஸ்டை வைத்துக்கொண்டு அகார்போஸைவிட நூறு மடங்கு என்று சொல்வது, நீந்தத் தெரியாத மல்லனை ஆற்றில் தள்ளிவிட்டு அவனை நான் வென்றேன் என்று பறைசாற்றுவதற்கு ஒப்பாகும். ஈஸ்டின் நொதியிடம் அபார வன்மை காட்டிய பொருள்கள் பல, எலியின் குடல்நொதியிடம் வந்தவுடன் வலுவிழந்து நின்றிருக்கின்றன. இந்தப் பேதம் ஆராய்ச்சியாளருக்குத் தெரியாததன்று. தெரிந்தும் மலிவை நாடுவதே எமக்கு வியப்பளிக்கிறது.

இரண்டாவது கேள்வி, சாற்றில் உள்ள எந்தப் பொருள் வேலை செய்தது என்பது. தேயிலை, மாதுளைத் தோல், கடுக்காய் போன்ற துவர்ப்புப் பண்டங்களில் டானின் என்ற சத்து நிறைய உண்டு. தோல் பதனிடுபவர் கையாள்வதும் இதைத்தான். இது எந்தப் புரதத்தைக் கண்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது; நொதியும் புரதமே. எனவே துவர்ப்பான சாறு எதை விட்டாலும் தட்டில் மஞ்சள் நிறம் ஏறாது. அதை மருந்தின் சக்தி என்று எண்ணுவது மயக்கம். வேறு சில பொருள்கள் நீரில் கரையாமல் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு நொதியை மூடிக்கொள்ளும். சோப்புப் போன்ற ஒரு திரவத்தைச் சிறிது சேர்த்தால் உருண்டை கலைந்து சக்தியும் மறைந்துபோகும். இந்தச் சிறு சோதனையைக்கூடச் செய்யாத கட்டுரைகள் அநேகம்.

இத்தனையையும் தாங்கி நின்ற சாக்ஷி ஒன்று உண்டு. அது நம் பட்டுப் பண்ணைகளிலும் காணும் முசுக்கட்டை. மல்பெரி என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். சீன வைத்தியர் அதன் இலை, வேர்ப்பட்டை, கனி, இளங்கிளை யாவற்றையும் உபயோகித்து வந்திருக்கின்றனர். 1976-ம் வருஷத்தில் ஜப்பானிய இரசாயன சாஸ்திரிகள் அதன் வேர்ப்பட்டையிலிருந்து டிஆக்ஸி நோஜிரிமைஸின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். பார்வைக்கு அது குளுக்கோஸையே ஒக்கும். வளையத்திலுள்ள ஒரேயொரு பிராணவாயு அணுவின் இடத்தில் நைட்ரஜன் அணு அமர்ந்திருப்பதே முக்கிய வித்தியாசம். நொதி அதைச் சர்க்கரையென்று மயங்கிப் பற்றிக்கொள்ளும். பற்றியபின் வெட்டவும் இயலாது, எளிதில் விடவும் இயலாது. மரம் இதைச் செய்துவைத்திருப்பது நமக்காகவன்று. முசுக்கட்டைப் பாலில் இப்பொருள் நிறைந்திருப்பதால் வேறு புழுக்கள் அவ்விலையைத் தின்று பிழைப்பதில்லை. பட்டுப்புழுவிடம் மட்டும் இதற்கு மயங்காத ஒரு நொதி அமைந்திருக்கிறது. ஆகவே அந்த மரம் அதற்கே உரிய விருந்தாயிற்று. பல்லாயிரம் வருஷமாகப் புழுவுக்கும் மரத்துக்கும் நடந்த வழக்கின் தஸ்தாவேஜு இன்று வைத்தியருக்குப் பயன்படுகிறதென்று சொல்லலாம். இதே பொருளைச் சற்று மாற்றிச் செய்த மிக்ளிடால் என்ற மருந்து 1996-ம் வருஷத்தில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

சீன வைத்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மருந்துப் பொருள் ஆராய்ச்சி நிலையத்தார் இங்ஙனம் ஒரு பொருளை மட்டும் பிரித்து மாற்றுவதோடு நில்லாமல், முசுக்கட்டை இளங்கிளையிலுள்ள இவ்வினத்துப் பொருள்கள் யாவற்றையும் சேர்த்துச் சுத்திசெய்து ஒரு மாத்திரையாக்கினர். அதன்பின் அவர்கள் செய்ததே முக்கியம். 360 நோயாளிகளுக்கு இம்மாத்திரையும் 240 பேருக்கு அகார்போஸும் கொடுத்து, கொடுப்பவருக்கும் உண்பவருக்கும் எது எதுவென்று தெரியாதபடி மறைத்து, 24 வாரம் பார்த்தார்கள். மூன்று மாதத்துச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்னும் அளவு இரு சாராரிடத்தும் ஏறக்குறைய 0.9 சதவீதப் புள்ளி இறங்கிற்று. வயிற்றுத் தொல்லையோ மூலிகை மாத்திரை உண்டவரிடம் கணிசமாகக் குறைந்திருந்தது. இப்பொருள்கள் கடைசி வெட்டை அடக்கினும் அமிலேஸை அதிகம் தொடுவதில்லை. எனவே பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும் மாச்சத்துக் குறைவு என்று காரணம் கூறுகின்றனர். 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சீன ஸர்க்கார் இம்மாத்திரைக்கு அனுமதி அளித்தது. 24 வாரம் என்பது ஆயுள் முழுதும் தொடரும் நோய்க்குச் சொற்பக் காலமே. ஆயினும் வாதியும் பிரதிவாதியும் ஒரே கூண்டில் ஒரே கேள்விக்கு விடையளித்த பரீட்சை இது, இதனை மதிக்கிறோம்.

இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்ற கொடியின் கட்டையைக் குடைந்து குவளை செய்து, இரவில் நீர் ஊற்றிவைத்துக் காலையில் நீரிழிவுக்காரர் பருகும் வழக்கம் உண்டு. 1997-ம் வருஷத்தில் ஜப்பானியர் அதிலிருந்து ஸலாஸினால் என்ற பொருளைப் பிரித்து, அதுவும் இதே குடல்நொதியை வலுவாக அடக்குவதெனக் காட்டினர். குவளையில் ஊறும் நீரில் அச்சத்து நாளுக்கு நாள் எவ்வளவு இறங்குமென்பது வேறு கேள்வி. கட்டைக்குக் கட்டை அது மாறாதிருக்க நியாயமில்லை.

மற்றொரு சாக்ஷி எதிர்பாராமல் வந்து சேர்ந்தது. ஹுவாங் லியான் என்னும் மஞ்சள் வேரின் சத்தான பெர்பெரின் சீனத்தில் பேதிக்குக் கொடுக்கும் மிக மலிவான மருந்து. நீரிழிவும் பேதியும் ஒருங்கே உடைய நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது சர்க்கரையும் இறங்குவதை வைத்தியர் கண்டனர். நம் மருந்துக் கடைகளிற் கிடைக்கும் மரமஞ்சளிலும் இதே சத்து உண்டு. 2008-ம் வருஷத்தில் ஷாங்காய் வைத்தியர் வெளியிட்ட ஒரு பரீட்சையில், மூன்று மாதத்தில் பெர்பெரின் மெட்பார்மினுக்கு நிகராகச் சர்க்கரையைக் குறைத்தது என்றார்கள். கேட்டவர் பலர் துள்ளிக் குதித்தனர். ஆனால் அதிற் சேர்ந்த நோயாளிகள் 36 பேரே. பின்னர் 409 பேரைக் கொண்டு நடத்தி 2020-ம் வருஷத்தில் வெளியிட்ட பரீட்சையில் உண்மை சற்று நிதானமாக வெளிப்பட்டது. பெர்பெரின் உண்டவருக்கு ஹெச்பிஏ1சி ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கிற்று. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை உண்டவருக்கும் 0.6 புள்ளி இறங்கிற்று! வைத்தியரைக் கண்டு, உணவைப் பற்றி எச்சரிக்கை பெற்று, தாம் கவனிக்கப்படுகிறோம் என்று அறிந்த மாத்திரத்திலேயே நோயாளி இவ்வளவு தேறுகிறான். இதைத் தள்ளிவிட்டு எஞ்சுவதே மருந்தின் பங்கு. நான் குடித்தேன், எனக்குக் குறைந்தது என்று சாக்ஷி சொல்லும் நண்பர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்த 0.6-ஐ அவர்கள் அறியார்.

பி.டி.பி. 1பி விஷயத்தில் இவ்வளவு தூரம்கூட வரவில்லை. 1999-ம் வருஷத்தில் அந்நொதி இல்லாமற் பிறப்பித்த எலிகளுக்கு இன்சுலின் நன்கு வேலை செய்ததென்று தெரிந்தது முதல், அதை அடக்கும் மூலிகைச் சத்துக்கள் நூற்றுக்கணக்கில் பட்டியலிடப்பட்டுள்ளன. நோயாளியின் கைக்கு வந்த மருந்து அவற்றில் ஒன்றுமில்லை.

பழமைக்காகப் பரிந்து பேசுவோர் தூ யூயூ அம்மையாரின் பெயரைச் சொல்வது வழக்கம். நாலாம் நூற்றாண்டு நூலொன்றிற் கண்ட குறிப்பைக் கொண்டு மலேரியாவுக்கு ஆர்டிமிஸினின் மருந்தைக் கண்டு, 2015-ம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஆனால் அவ்வம்மையார் செய்தது யாது? பழைய நூல்களில் நூற்றுக்கணக்கான மூலிகைகளைப் பார்த்துப் பெரும்பாலானவற்றைத் தள்ளினார். கொதிக்கவைத்தால் சத்துக் கெடுகிறதென்று ஊகித்துக் குளிர்ந்த முறையிற் சாறெடுத்தார். 1972-ம் வருஷத்தில் அதை முதலிற் சகாக்களோடு தாமே உண்டு பார்த்தார். அதன்பின்பே நோயாளிகளுக்குக் கொடுத்தார். பழைய நூல் அவருக்கு வழிகாட்டிற்று. தீர்ப்புச் சொன்னது சோதனை. 2017-ம் வருஷத்தில் அமலுக்கு வந்த சீன வைத்தியச் சட்டமோ, பழைய நூல்களிற் கண்ட சில பிரசித்தமான யோகங்களை மனிதரிடம் பரீட்சித்துக் காட்டாமலே மருந்தாகத் தயாரிக்க இடமளித்துவிட்டது. அந்த அம்மையாரின் தேசத்திலேயே இப்படி ஒரு சட்டம் எழுந்தது எமக்குச் சம்மதமில்லை. நெடுங்கால அநுபவம் ஒரு உரிமைக்கு ஆதாரமாகலாம். நிலத்துக்கும் நீருக்கும் சட்டம் அதை ஒப்புகிறது. மருந்தின் குணத்துக்கு அது ஆதாரமாகாது.

மூலிகை தன்னளவில் நிரபாயமானது என்ற நம்பிக்கையும் ஆராயத்தக்கது. பெல்ஜியம் தேசத்தில் 1990-ம் வருஷங்களின் தொடக்கத்தில், உடல் மெலிய விரும்பிய பெண்களுக்கு ஒரு வைத்தியசாலையில் சீன மூலிகைத் தூள் கொடுத்தனர். ஃபாங்ஜி என்ற இரு மூலிகைகள் பெயரொற்றுமையால் மாறிப்போயின. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டன. நீரிழிவுக்குச் சிறுநீரகமும் பலியாகக்கூடுமென்பதை நேயர்கள் நினைவில் வைத்து இதனைப் படிக்கவேண்டும்.

இதைக் காட்டிலும் கொடியது கலப்படம். சீனத்தில் நெடுங்காலமாக விற்பனையாகும் ஷியாவ் கே மாத்திரை என்பதொன்று உண்டு. மூலிகைகளோடு ஒவ்வொரு மாத்திரையிலும் கால் மில்லிகிராம் கிளிபென்கிளமைடு என்ற மேனாட்டு மருந்தும் சேர்க்கப்பட்டது அது. இந்தச் சேர்க்கை மறைக்கப்படவில்லை, உறையிலேயே குறிக்கப்படுகிறது. 2013-ம் வருஷத்தில் வெளியான பரீட்சையொன்றில், கிளிபென்கிளமைடைத் தனியே உண்டவரைவிட இம்மாத்திரை உண்டவருக்குச் சர்க்கரை அபாயமாகக் குறைதல் சற்று அரிதாக இருந்ததென்றும் கண்டனர். வெளிப்படையாகச் சொல்லிச் செய்தவரை நாம் குறைகூறவில்லை. ஆனால் பெயரை மட்டும் பார்த்து முழுமூலிகை என்றெண்ணி, வைத்தியர் எழுதிக்கொடுத்த மாத்திரையோடு இதையும் சேர்த்து விழுங்குபவனின் கதி என்ன?

மறைத்துக் கலப்போர் செய்தது இதுவரை சொன்னவை எல்லாவற்றுக்கும் மேலானது. 2009-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஸிங்கியாங் மாகாணத்துக் காஷ்கர் பிரதேசத்தில், நீரிழிவுக்கான மூலிகை மருந்தென்று பெயர் பொறித்த போலிக் குளிகைகளை உண்ட இரு நோயாளிகள் அடுத்தடுத்து மாண்டனர். குளிகையினுள் இருந்தது அளவு மீறிய கிளிபென்கிளமைடு. அதற்கு முந்தின வருஷத்தில் சிங்கப்பூரில் நடந்தது இன்னும் விபரீதம். நீரிழிவே இல்லாத நூற்றைம்பது பேர் ஐந்து மாதத்துக்குள் சர்க்கரை மிகக் குறைந்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவரப்பட்டனர்; நால்வர் இறந்தனர். ஆண்மை விருத்திக்கென்று கள்ளத்தனமாக விற்ற குளிகைகளில் இதே மருந்து கலந்திருந்தது. மூலிகைப் பெயரின் மறைவில் விஷம் விற்பவனுக்கு ஜனங்களின் நம்பிக்கையே மூலதனம். நேர்மையாக மூலிகையை ஆராயும் விஞ்ஞானிக்கு இவனைவிடப் பெரிய சத்துரு இல்லை. திடீரென்று அற்புதமாகச் சர்க்கரையை இறக்கும் மூலிகைப் பொட்டலம் எதையும் முதலிற் சந்தேகிக்கவேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வது இதனாலேயே.

சுன் ஸிமியாவ் கூறிய பத்தியத்தைப் பற்றி மேலே குறிப்பிட்டோம். அதற்கும் சீனத்திலேயே ஒரு பரீட்சை நடந்திருக்கிறது. 1986-ம் வருஷத்தில், எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த தா சிங் நகரத்தில், நீரிழிவின் வாசலில் நின்ற 577 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். சிலருக்கு உணவுக் கட்டுப்பாடும், சிலருக்குத் தேகப்பயிற்சியும், சிலருக்கு இரண்டும் விதித்து, எஞ்சியவரை முன்போல் விட்டனர். ஆறு வருஷத்தோடு விதித்த பயிற்சி முடிந்தது. ஆனால் அவர்களைப் பின்தொடர்வது முப்பது வருஷம் நடந்தது. 2019-ம் வருஷத்தில் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களுக்கு நோய் வருவது சராசரி நான்கு வருஷம் தள்ளிப்போயிருந்தது. இருதய நோயால் இறந்தவர் தொகையும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அகார்போஸைக் கொண்டு 6,522 சீனரிடம் நடத்தி 2017-ம் வருஷத்தில் வெளியிட்ட பரீட்சையில், நீரிழிவு வருவது நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குறைந்தது. இருதய நோய் குறையவில்லை. நொதியை அடக்குவதினால் ஆவது எவ்வளவு, ஆகாதது எவ்வளவு என்பதை இவ்விரு பரீட்சைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர் தாமே கண்டுகொள்வர்.

இவ்வகை மருந்து உண்போர் தெரிந்துகொள்ளவேண்டிய சங்கதிகள் இரண்டுள. பால்யத்திலேயே கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்ட நோயாளிக்குக் குடல்நொதியை அடக்கும் எப்பொருளும், முசுக்கட்டையாயினும் அகார்போஸாயினும், இன்சுலினுக்கு மாற்றாகமாட்டாது. ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை நம்பினால் சில நாட்களிலேயே உயிர் போகும். மற்றது, அகார்போஸ் போன்றவற்றோடு வேறு மாத்திரையோ இன்சுலினோ உட்கொள்பவருக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் கண்டால், வழக்கம்போல் வாயில் வெல்லத்தையோ சீனியையோ போடுவதால் உடனே பயன் விளையாது. சீனியை வெட்டிக் குளுக்கோஸாக்கும் நொதியே அங்கு கட்டுண்டு கிடக்கிறது. அவருக்குக் கொடுக்கவேண்டியது மருந்துக் கடையிற் கிடைக்கும் குளுக்கோஸ் தூள். வீட்டில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறதென்பது வீட்டாருக்கும் தெரிந்திருக்கட்டும்.